சலவை அறையின் சத்தம்

“தோத்தவங்க அழறப்போ ஜெயிச்சவங்க என்ன பண்ணணும்பா?”

மகளுக்கு அப்போது ஐந்து வயது. தொலைக்காட்சியில் யாரோ யாரிடமோ தோற்று, புல்லில் குப்புறக் கிடந்தார்கள். அவன் வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டபடி சோபாவில் சாய்ந்திருந்தான்.

“கை குடுக்கணும்” என்றான்.

“குடுத்தாச்சு. அப்புறம்?”

“அப்புறம் போய் சந்தோஷமா இருக்கணும்.”

“அழறவங்க?”

அவன் யோசித்தான். “அவங்க பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“உனக்குத் தெரியல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவள் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போனாள்.

உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடமாகப் பந்தைப் பிடிப்பதே அவன் பிழைப்பு. கோல் கம்பங்களுக்கு நடுவே அவன் நின்றால் எதுவும் உள்ளே போகாது என்று ரசிகர்கள் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு கம்பங்களையும் தொட்டு, “எதையும் விடாமப் பாத்துக்கோ” என்று கடவுளிடம் ஒரு வரி சொல்லுவான். தோற்ற நாளில் கோபம் வரும், ஜெயித்த நாளில் பசி வரும். எதிரணி என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் அரையிறுதி ஆட்டம் எதிரணியின் மைதானத்தில் நடந்தது. ஆட்டம் சமனாகி, பெனால்டிக்கு வந்து நின்றது. எதிரணியின் கடைசி உதை. அதைத் தடுத்தால் இறுதிப் போட்டி. ஏழாம் நம்பர் உதைத்தான். பூட்டு வலப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் முழங்கையில் பட்டு ஆளுயரத்துக்கு மேல் எகிறியது.

தடுத்துவிட்டோம் என்று எழுந்தான். நடுமைதானத்தில் நின்ற தன் அணியைப் பார்த்து இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினான். அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தவர்கள், பாதி வழியில் நின்றார்கள். அவர்கள் முகம் மாறியதை அவன் கண்டான். ஏன் என்று புரியவில்லை.

மேலே போன பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. விழுந்த பந்துக்குள் ஒரு சுழற்சி இருந்தது. அது புல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் தொடாமல், அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது. பந்து நிற்கும்வரை உதை முடிந்ததாகக் கணக்கில்லை. சிறு பிள்ளைக்கும் தெரிந்த விதி. நடுவர் கோல் என்று கை காட்டினார்.

மறுபடி சமனாகி, அடுத்த இரண்டு உதையில் எல்லாம் முடிந்தது. அவன் அணி உதைத்தது கம்பத்தில் பட்டது. அவர்கள் உதைத்தது உள்ளே போனது.

அவனுக்கு அழுகை வந்தது. சின்ன அழுகை இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. நாலு காமிராக்கள் புல்லில் மண்டியிட்டு அவன் முகத்தைத் தேடின. ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடினால் வயிறு தெரிந்தது, அதையும் எடுத்தார்கள். அவன் ஓடினான். சுரங்கப் பாதைக்குள் இறங்கி, டிரெஸ்ஸிங் ரூம் என்று நினைத்து, கண்ணீரில் தெரியாமல் வேறொரு கதவைத் திறந்துவிட்டான்.

“கதவைச் சாத்து தம்பி, சூடு வெளியே போகுது.”

அது சலவை அறை. சுவரோரம் மூன்று பெரிய இயந்திரங்கள். நடுவில் ஒரு நீள மேஜை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், சக்கரம் வைத்த கூடைக்கு முன்னால் உட்கார்ந்து சாக்ஸ் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் யார், ஏன் வந்தான் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். உலர்த்தியிலிருந்து ஒரு டவலை உருவி அவன் மடியில் போட்டார். ரொட்டி போலச் சுடச்சுட இருந்தது. பிறகு எழுந்து, பெரிய இயந்திரத்தின் பொத்தானைத் தட்டினார். அது ஓட ஆரம்பித்ததும் அறையே அதிர்ந்தது.

“இது ஓடினா, உள்ள யார் கத்தினாலும் வெளிய கேக்காது” என்றார். “இருபது நிமிஷம் ஓடும்.”

அவன் டவலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த அம்மாள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். கழுத்தில் அட்டை தொங்கிய நிருபர் ஒருவர்.

“அம்மா, கோல்கீப்பர் இந்தப் பக்கம் வந்தாரா?”

“இங்க வந்திருக்கிறது நாப்பத்தி நாலு ஜோடி சாக்ஸ். ஒரு ஜோடிக்கு ஒரு பேட்டி எடுக்கிறீங்களா? ஒண்ணொண்ணும் ஒரு நாத்தம்.”

நிருபர் போய்விட்டார். டவலுக்குள் அழுதுகொண்டிருந்தவனுக்கு, தன்னையும் மீறி மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது.

அந்த அம்மாள் வேலையைத் தொடர்ந்தார். அந்த மைதானத்தில், விளையாட வந்த அணி ஆட்டத்துக்கு முன்னும் அரைநேரத்திலும் கழற்றிப் போடும் துணியையும் சேர்த்துத் துவைத்து அனுப்புவது வழக்கம். வீரர்கள் சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி எறிவார்கள். கணுக்காலில் சுற்றிய ஒட்டு நாடாவும் உள்ளேயே இருக்கும். அப்படியே போட்டால் நடுவில் சோப்பு ஏறாது. நாடாவின் பசை இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து, நாடாவைக் கிழித்தெடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். அவர் விரல் நுனிகளில் வெடிப்புகள் இருந்தன. இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

“ஒண்ணாம் நம்பர் நீதானே?”

அவன் தலையாட்டினான்.

“வருஷா வருஷம் உன் சாக்ஸ்தான் எனக்குக் கஷ்டம். சாக்ஸா அது, பாறாங்கல்லு.”

கூடைக்குள் அவனுடைய உருண்டை கிடந்தது. அவனே பார்த்தான். உண்மையில் பாறாங்கல்போல்தான் இருந்தது. கைவலிமைக்குப் பயிற்சி என்று சிறுவயதிலிருந்தே அதை இறுக்கிச் சுருட்டுவது அவன் பழக்கம். அதை யாரோ பிரிக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இயந்திரம் நின்றது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அதன் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது உள்ளே ஒரு துணிகூட இல்லை.

“வெறுமனே ஓடியிருக்கே அக்கா.”

“மெஷினையும் அப்பப்போ கழுவணும்ல தம்பி” என்றார், தலை நிமிராமல்.

பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், அவருக்கு நன்றி சொல்லவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது.

அந்தக் காட்சி ஊரெல்லாம் ஓடியது. முஷ்டியை உயர்த்திக்கொண்டு அவன் நிற்கிறான், பின்னால் பந்து உருளுகிறது. யாரோ அதற்கு மேளச் சத்தம் சேர்த்தார்கள். அவன் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கடைக்கு வருகிறவர்கள் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்கள்.

“முதுகுல மாட்ற கண்ணாடி இருக்காம்மா உங்க கடையில?”

“இருக்கு சார். ஒண்ணு வாங்கினா வாய்க்குப் பூட்டு இலவசம்” என்றாள் அவள்.

வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நாலு நாளாக அவன் ஜன்னல் திரையை விலக்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அவள் திரையைச் சர்ரென்று இழுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“எத்தனை நாளைக்குங்க?”

“என்னால வெளிய போக முடியல.”

“சரி, போக வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. திரும்ப நிக்கணுமா, வேண்டாமா?”

“நிக்கணும்” என்றான். “அதே மைதானத்துல, அதே பெனால்டிக்கு நிக்கணும். ஜெயிக்கிறது அப்புறம். பந்து நிக்கிற வரைக்கும் நான் பாக்கணும்.”

“அப்போ முகத்தைக் கழுவிட்டு வாங்க. அதோட, நீங்க சொல்லிட்டிருந்த அந்தத் துணி துவைக்கிற அக்காவுக்கு நன்றி சொன்னீங்களா?”

“இல்ல. லெட்டர் போடலாமான்னு பாத்தேன். என்னன்னு எழுதறது? அழ விட்டதுக்கு நன்றின்னா?”

“நேர்ல போறப்போ சொல்லிக்கலாம். முதல்ல அங்க போற மாதிரி ஆகுங்க.”

கோச் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கஷ்டத்தோடுதான் பேசினார்.

“உன் கையில குறை இல்ல, பூட்டு. ஆனா நீ நின்னா கூட்டம் சிரிக்குது. முன்னாடி நிக்கிற பசங்க காலு நடுங்குது. இனிமே நெட்டைதான் நிப்பான்.”

நெட்டை என்பவன் இரண்டாவது கோல்கீப்பர். அவன் கையைத் தூக்கினாலே மேல்கம்பம் எட்டும்.

“சரி சார்” என்றான் பூட்டு. “பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஒரே ஒரு உதவி கேக்கறேன். பெனால்டி பயிற்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க. தினமும்.”

“எதுக்கு?”

“என்னைக்காவது ஒருநாள் உங்களுக்குத் தேவைப்படும்.”

கோச் கதவைத் திறந்துவிட்டார். “வா” என்றார்.

பந்தைத் தடுப்பதற்கு அவனுக்குப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. தடுத்த பிறகு வருகிற மூன்று விநாடிக்குத்தான் வேண்டியிருந்தது. தடுத்ததும் உடம்பு தானாக எழுந்து, தானாகக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்புகிறது. பதினான்கு வருடப் பழக்கம். அதைப் பிடுங்கி எறிய வேண்டும்.

அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடம் ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் அதன் இரும்புக் கதவுதான் கோல். மனைவி உதைப்பாள்.

“பதினோரு வருஷமா உங்களை உதைக்கணும்னு ஆசை. இப்பதான் பந்து கிடைச்சிருக்கு” என்பாள். பாதி உதை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும்.

மகளுக்கு வேறு வேலை. அவள் அவனுக்குப் பின்புறமாக, சுவரோரம் நிற்க வேண்டும். அவன் பந்தைத் தட்டியதும் அவனைத் திரும்ப வைக்க வேண்டும். பந்து முழுதாக நின்று, அவன் மூன்று எண்ணும்வரை அவன் திரும்பக் கூடாது. திரும்பினால் அவளுக்கு ஒரு மிட்டாய்.

முதல் வாரம் அவள் பதினேழு மிட்டாய் ஜெயித்தாள்.

“அப்பா, பாம்பு.”

“அப்பா, கோச் மாமா வந்திருக்காரு.”

“அப்பா, உன் கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு.” இதற்கு அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பினான்.

இரண்டாம் மாதம் மிட்டாய் குறைந்தது. நாலாம் மாதம் நின்றுபோனது. ஒருநாள் அவள் நிஜமாகவே சறுக்கி விழுந்து, முழங்கால் தேய்ந்து, “அப்பா” என்று அழுதாள். அவன் பந்தைப் பார்த்தபடி மூன்று எண்ணினான். எண்ணி முடித்ததும் ஓடிப்போய்த் தூக்கினான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “நல்லாப் பண்ணினே” என்றாள். அன்றைக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தான்.

ஆட்ட நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்தான். நெட்டைக்குக் கையுறை நனைந்தால் உலர்ந்த ஜோடியைக் கொண்டு போய்க் கொடுத்தான். நெட்டை நன்றாக ஆடினால் முதலில் கை தட்டினான். ஆரம்பத்தில் அது பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததுதான். மாதங்கள் போகப்போக, அதிலும் ஒரு நிம்மதி இருப்பதைக் கண்டுகொண்டான். கடவுள் சில கதவுகளை இப்படித்தான் மெள்ளத் திறக்கிறார் போலும்.

ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டான். சாக்ஸைக் கழற்றினால் பிரித்துப் போட்டான். ஆனால் பழைய கை அவ்வளவு சீக்கிரம் விடுமா? மனம் எங்காவது ஓடினால், விரல்கள் தாமாகச் சுருட்டிவிடும்.

மறுவருடம் அரையிறுதி. சீட்டுக் குலுக்கியதில் அதே அணி வந்தது, அதே மைதானம். ஆட்டம் பகல் மூன்று மணிக்கு. கூடுதல் நேரம் முடியப் போகிறது, இன்னும் கோல் இல்லை. ஆட்டத்தில் இரண்டு நிமிடம் மீதி இருந்தபோது கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

“பூட்டு. கையுறையைப் போடு.”

பெனால்டிக்காக மட்டும் கோல்கீப்பரை மாற்றுவது உண்டு. ஆனால் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் கோட்டருகே போய் நின்றதும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சிரித்தது. பிறகு நாற்பதாயிரம் பேர், “திரும்பு, திரும்பு” என்று தாளம் போட்டுக் கத்தத் தொடங்கினார்கள்.

வெளியே வந்த நெட்டை அவன் தோளை அழுத்தினான். “என் டவல் கம்பத்துக்குப் பின்னாடி இருக்கு. காஞ்சுதான் இருக்கு, எடுத்துக்க. அவங்க கத்தறாங்களேன்னு பாக்காதே.”

“இது என்ன சத்தம்” என்றான் பூட்டு. “எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்கா. அவ கிட்ட நான் பட்டதைவிடவா?”

கம்பங்களைத் தொட்டான். இந்தத் தடவை அவன் கேட்டது வேறு. “கடைசி வரைக்கும் பாக்க வை.”

நாலு நாலு உதை சமமாக முடிந்து, அவன் அணியின் ஐந்தாவதும் உள்ளே போனது. எதிரணிக்குக் கடைசி உதை. வந்தவன் அதே ஏழாம் நம்பர். போன வருடம் அந்த உருண்ட பந்தால் ஊருக்கே நாயகன் ஆனவன். அவன் முகம் வெளுத்திருந்தது.

உதைத்தான். பூட்டு இடப்பக்கம் பாய்ந்தான். பந்து உள்ளங்கையில் பட்டு, கம்பத்தில் மோதி, மேலே எழும்பியது.

அவன் அணியினர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. பத்துப் பேர் அவன் பெயரைக் கத்தினார்கள். நாற்பதாயிரம் பேர் திரும்பு என்றார்கள். அவன் திரும்பவில்லை. விழுந்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பந்தைப் பார்த்தான். அது இறங்கியது. புல்லைக் கடித்தது. கோட்டை நோக்கி, போன வருடம் போலவே அவசரமில்லாமல், உருளத் தொடங்கியது.

அவன் முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்துபோய், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், அதன் மேல் கையை வைத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்புறம்தான் அவன்மேல் பத்துப் பேர் வந்து விழுந்தார்கள்.

அந்த ஆள் குவியலுக்குள்ளிருந்து, கால்களுக்கு நடுவே, அவன் ஏழாம் நம்பரைப் பார்த்தான். ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடியிருந்தான். வயிறு தெரிந்தது. காமிராக்கள் புல்லில் மண்டியிட்டுக்கொண்டிருந்தன. ஏழாம் நம்பர் திடீரென்று சுரங்கப் பாதையை நோக்கி ஓடினான்.

பூட்டைத் தூக்கிச் சுமந்தார்கள். கோச் அவன் கன்னத்தைப் பிடித்து ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. நெட்டை அழுதான். நெட்டையைக் கட்டிக்கொண்டு அவனும் கொஞ்சம் அழுதான். பிறகு எல்லோரும் ரசிகர்கள் இருந்த பக்கம் பாடப் போனபோது, தண்ணீர் குடிக்கிற பாவனையில் அவன் விலகிப் படியிறங்கினான். அந்த அக்காவுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். ஒரு வருடமாக மனதில் வைத்திருந்த நாலு வார்த்தை.

தோற்ற அணி அவசர அவசரமாக உடை மாற்றிவிட்டு முன்வாசல் வழியாகப் போயிருந்தது. தாழ்வாரத்தில் யாரும் இல்லை. சலவை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சக்கரக் கூடைகள் இரண்டு கதவுக்கு வெளியே நின்றன, வழிய வழியத் துணியோடு. உள்ளே பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

தட்டுவதற்காகக் கையைத் தூக்கினான்.

துணியெல்லாம் இங்கே வெளியே இருக்கிறது. அப்படியானால் உள்ளே என்ன ஓடுகிறது?

கையை இறக்கினான்.

சுவரில் தோளைச் சாய்த்தான். இயந்திரத்தின் அதிர்வு சுவர் வழியாக அவன் தோளுக்கு வந்தது. பிறகு கூடைக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான். கையுறைகளைக் கழற்றினான். மேலே இருந்த முதல் உருண்டையை எடுத்தான்.

ஈரத்தில் இறுகிய சாக்ஸைப் பிரிப்பது அவன் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. நாடா நகத்தோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே கையை விட்டால் புல்லும் மண்ணும் விரலிடுக்கில் ஏறின. பிரித்தான், நாடாவைக் கிழித்தான், உள்பக்கத்தை வெளியே எடுத்தான், ஜோடி சேர்த்துக் கூடையின் விளிம்பில் வைத்தான். ஒவ்வொன்றிலும் நம்பர் தைத்திருந்தது. அவர்களுடையது, தன் அணியுடையது என்று வித்தியாசம் பார்க்கவில்லை. மேலே மைதானத்தில் அவன் அணி பாடுவது கேட்டது. யாரோ தாளம் தப்பிப் பாடினார்கள், அது நெட்டையாகத்தான் இருக்கும்.

முதல் கூடை முடிந்தது. அதில் எதிரணி ஆட்டம் முடிந்து கழற்றிப் போட்டது எல்லாம் இருந்தது. ஏழாம் நம்பர் ஜோடி மட்டும் இல்லை. அவன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கூடையை இழுத்தான்.

அதன் அடியில் கடைசியாக ஓர் உருண்டை கிடந்தது. கல்லைப்போல் இறுகியிருந்தது. எடுத்துப் பார்த்தான். ஒண்ணாம் நம்பர். ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி முடிந்து, பதற்றத்தில் அவனே சுருட்டி எறிந்தது. அதைப் பிரிக்கத்தான் அதிக நேரம் ஆனது. வலது கட்டைவிரல் நகம் ஓரத்தில் பிளந்து, ஒரு துளி ரத்தம் வந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையை முடித்தான்.

கிழித்த நாடாக்களை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டான். இரண்டு கூடைகளையும், கதவைத் திறந்தால் இடிக்காதபடி, சுவரோடு சேர்த்து நிறுத்தினான்.

நடுவில் ஒருமுறை நின்ற இயந்திரம், உள்ளே மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அவன் பூட்ஸின் ஆணிகள் சிமெண்டில் சத்தம் போடும் என்பதால், குனிந்து அவற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு மெல்ல நடந்து போனான்.